இரண்டு சாமிக்கு ஒரு தலை

என் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத வந்த பத்திரிகைக்காரர் தினமும் வந்து எங்கள் வீட்டில் காபி குடித்தார். மெடல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பீரோவில் கிடந்த போட்டோக்களை எல்லாம் மேஜையில் பரப்பினார். கடைசியில் இரண்டு போட்டோக்களை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, "ஜெனரல் சாருக்கு இந்த ரெண்டுல மட்டும் மீசை இல்லையே, ஏன்?" என்று கேட்டார்.

ஒன்று, அவர் தலைப்பாகையோடு நிற்கிற எங்கள் கல்யாணப் போட்டோ. இன்னொன்று வடக்கே பனிமலை முகாமில் முழங்கால் அளவு பனியில் தொப்பியோடு நின்று எடுத்தது. இரண்டும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எடுத்தவை. மற்ற எல்லாப் படங்களிலும் அந்த மீசை இருக்கிறது. இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, நுனி மேலே பார்த்தபடி, அவருக்கு முன்னால் அதுதான் அறைக்குள் வரும்.

எங்கள் வீட்டு ஜெனரல் தொண்டையைச் செருமினார். "அது ராணுவ ரகசியம்" என்றார். பிறகு செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது. பத்திரிகைக்காரர் பாவம், என்ன செய்வார்? பனியில் மீசை உறைந்துவிடும் என்பதால் எடுத்திருப்பார் என்று அவராகவே ஒரு காரணம் எழுதிக்கொண்டு போனார். அது அச்சிலும் வந்துவிட்டது. கல்யாணம் நடந்த தூத்துக்குடியில் எந்தக் காலத்தில் பனி பெய்தது என்று அவரும் யோசிக்கவில்லை, அச்சுப் போட்டவரும் யோசிக்கவில்லை. படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அதனால் நானே எழுதுகிறேன்.

என் கணவர் என் அப்பாவின் அக்காள் மகன். எனக்கு அத்தான். ஊர் உடன்குடி. அவருடைய அப்பா, அதாவது என் மாமா, அங்கே பனைக்காரர்களிடம் கருப்பட்டி வாங்கி ஓலைச் சிப்பமாகக் கட்டி அனுப்புவார். தூத்துக்குடியில் என் அப்பா அதை எங்கள் வீட்டை ஒட்டிய சரக்குக் கிட்டங்கியில் அடுக்கி வைத்துத் தோணியில் கொழும்புக்கு ஏற்றுவார். பாளையங்கோட்டையில் படித்து முடித்த பிள்ளையும் வந்து கிட்டங்கியில் உட்காருவான் என்றுதான் இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். அவர் யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். இங்கிலீஷ் படித்தவர் என்று ஆபீசராகவே எடுத்துக்கொண்டார்கள். "கிட்டங்கியில எறும்பு கடிக்கின்னு சப்பான்காரன்கிட்ட போயிருக்கான்" என்று மாமா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பர்மா எல்லையில் அவர் ஒரு குன்றைப் பிடித்ததும், தோளில் குண்டு பாய்ந்த பிறகும் கீழே இறங்க மாட்டேன் என்று நின்றதும், அதற்காக மெடல் கிடைத்ததும் பத்திரிகைக்காரரின் வரலாற்றில் நன்றாகவே இருக்கின்றன. நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதில் இல்லாதது வேறு. அவர் அங்கே குன்றைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஊரில் ஆளாளுக்கு அவரைச் சாமிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் அம்மா அவருடைய எடைக்கு எடை கருப்பட்டி கொடுப்பதாக அம்மனிடம் சொல்லியிருந்தாள். கிட்டங்கிக்குப் பக்கத்தில் இருந்த தோணிக்காரர் வீட்டு அம்மாள், பிள்ளை உயிரோடு வந்தால் அவன் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி என்று மாதாவிடம் சொல்லிவிட்டு, சாட்சிக்கு எங்களிடமும் வந்து சொன்னாள். இவையெல்லாம் சில்லறை. பெரிய விவகாரம் அவர் திரும்பி வந்த பிறகுதான் வெளியே வந்தது.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அவர் ஒரு மாத லீவில் வந்தார். அந்த லீவிலேயே எங்கள் கல்யாணம் என்று பேச்சு. ரயிலடிக்குத் தெருவே போயிருந்தது. நான் போகக்கூடாது என்பதால் மாடி ஜன்னலில் நின்றேன். குதிரை வண்டி திரும்பியதும் முதலில் மீசை தெரிந்தது. போகும்போது உதட்டுக்கு மேலே ஏதோ அழுக்கு ஒட்டியதுபோல் இருந்தது. வரும்போது மேஜர் மீசையாகியிருந்தது. வண்டியில் இருந்தபடியே அதை ஒருமுறை தடவிவிட்டுக்கொண்டு மாடியைப் பார்த்தார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அத்தை தன் மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எய்யா, வெள்ளிக்கிழமை செந்தூருக்குப் போறோம். முருகனுக்கு மொட்டை போடுததா நேந்திருக்கேன்."

மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "எந்தத் தலைக்கு?" என்றார்.

"நம்ம பய தலைக்குத்தான். வேற எந்தத் தலை இருக்கு?"

"ஏளா, அந்தத் தலையை நான் சாஸ்தாவுக்குக் குடுத்தாச்சுல்லா."

சாஸ்தா என்றால் மாமாவின் குலதெய்வம். உடன்குடிக்கு அந்தப் பக்கம், செம்மணல் தேரிக்குள், பனங்காட்டுக்கு நடுவே இருக்கிற கோயில். ஒரே வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்து மகனை நினைத்து அழுத இரண்டு பேரும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், அந்த ஒரே தலையை இரண்டு சாமிக்குக் கொடுத்திருந்தார்கள்.

"சண்டைக்குப் போனவனைக் காப்பாத்துனது யாரு?" என்று அத்தை கரண்டியோடு திரும்பினாள். "தேவரு படைக்கே தளபதி முருகன். பட்டாளத்துக்காரன் அவன் பொறுப்பு."

"தளபதி சரி. சண்டை எங்கன நடந்துச்சு? பர்மா எல்லையில. எல்லைக்கு யாரு காவலு? சாஸ்தா. எல்லையில நடந்ததெல்லாம் அவரு அதிகாரம்."

"பீரங்கியும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணிச்சு" என்றார் அத்தான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஒரு சாமிக்கு இப்போது, இன்னொரு சாமிக்கு முடி வளர்ந்த பிறகு என்று செய்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆனால் நேர்ச்சை பாக்கி இருக்கும்போது தாலி கட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். முடி வளர மாதக்கணக்காகும். லீவு ஒரு மாதம்தான். அது முடிந்தால் எந்த ஊருக்கு அனுப்புவார்கள், அடுத்த லீவு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

அத்தான் இதைப் பட்டாளத்து வழியில் தீர்க்கப் பார்த்தார். கிட்டங்கி முற்றத்தில் சாக்கட்டியால் பெரிய வரைபடம் போட்டார். தூத்துக்குடி, செந்தூர், தேரி, நடுவே அம்புக்குறிகள். முதலில் சில்லறை நேர்ச்சைகளை முடித்தார். கிட்டங்கித் தராசிலேயே உட்கார்ந்து எடைக்கு எடை கருப்பட்டி கொடுத்தாயிற்று. மாதா கோயிலில் அவர் உயர மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. ஒரு முடியும் கேட்காத மாதாவை அவர் அந்த லீவு முழுவதும் புகழ்ந்துகொண்டே இருந்தார். ஆனால் தலையைத்தான் அவரால் பிடிக்க முடியவில்லை.

பாதித் தலை செந்தூருக்கு, பாதித் தலை சாஸ்தாவுக்கு என்று சொல்லிப் பார்த்தார். "பாதி மொட்டையோட மணவறையில வந்து ஒக்காருவியாலே?" என்று மாமா கேட்டார். சும்மா நாலு இழை கத்தரித்துப் பூமுடி கொடுக்கலாமா என்றார். "பூமுடி பொம்பளையாளுக்கு. மெடல் வாங்கப்போறவனுக்கா?" என்று அத்தையும் மாமாவும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து கத்தினார்கள். கடைசியில், சாமியே சொல்லட்டும், பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றார். அதற்கு இருவரும் சம்மதித்தார்கள். எந்தக் கோயிலில் வைத்துப் பார்ப்பது என்பதில் மறுபடியும் சண்டை. செந்தூரில் பார்த்தால் முருகன் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வான் என்று மாமா சந்தேகப்பட்டார். தேரியில் பார்ப்பதைப் பற்றி அத்தைக்கும் அதே சந்தேகம்.

இதற்குள் லீவில் பாதி கரைந்துவிட்டது. என் அப்பாவுக்குப் பொறுமை கிடையாது, வியாபாரி. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்:

"அக்காளும் அத்தானும் மொட்டைக்கு அடிச்சிக்கிட்டே இருங்க. நான் பொண்ணை வச்சிக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்க? உப்பளத்துக்காரரு வீட்ல இருந்து மறுபடியும் ஆளு விட்டுட்டாவ. இந்த லீவுல தாலி ஏறலைன்னா, தை மாசம் அங்கன குடுத்திருவேன்."

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. உப்பளத்துப் பையன் நல்லவர்தான். அவரைப் பற்றியும் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அத்தான்தான் வேண்டும். அப்போது அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது, இப்போது சொல்கிறேன். பர்மாவில் இருந்து செய்தி வராத அத்தனை நாளும் அந்த ஜன்னலில் நின்றது உப்பள வீட்டுக்குப் போவதற்காக இல்லை.

மறுநாள் சாயங்காலம் அத்தான் முற்றத்தில் ஒரு சிப்பத்தின் மேல் உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்தபடி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் கருப்பட்டிக் காபி கொண்டு போனேன். முறைப்பெண் என்பதால் அந்த அளவுக்குப் பேச்சு உண்டு.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அத்தையும் மாமாவும் நேந்துகிட்டது தலையையா, முடியையா?"

"முடியைத்தான். தலையை எப்படிக் குடுக்க?"

"முடி தலையில மட்டுந்தான் இருக்கா?"

சற்று யோசித்தார். பிறகு அவருடைய கை மெதுவாக மேலே போய் மீசையை மூடிக்கொண்டது. திருட வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஏளா, இது பட்டாளத்து மீசை."

"சாஸ்தாவுக்குப் பட்டாளம் பிடிக்காதுன்னு யாரு சொன்னா?"

"உனக்கு வெவரம் தெரியாது. லீவு முடிஞ்சதும் மெட்ராஸ்ல பரேடு. லாட் துரை கையால மெடல் குத்துதாவ. என்கூட குன்றுல நின்ன சிப்பாயெல்லாம் வருவான். தலைக்குத் தொப்பி இருக்கு. இதை என்ன போட்டு மூட?" குரல் தழைந்துவிட்டது. "வேணும்னா ஒரு கையைக் கேளு, தாரேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "சாஸ்தாவுக்குக் கை எதுக்கு? மீசையை நீங்களே வச்சுக்கிடுங்க. நல்லா எண்ணெய் தடவி வளத்துக்கிட்டு இருங்க. நான் உப்பளத்துக்குப் போறேன்."

டம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் காபி தெறித்து, வரைபடத்தில் செந்தூரில் இருந்து தேரி வரை ஓடிவிட்டது. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாதி கோபம், பாதி துக்கம். ஒரு மீசைக்கு முன்னால் நான் தோற்றுப் போனேன் என்று நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது.

காலையில் கீழே அவருடைய குரல் கேட்டது. வீட்டில் பேசுகிற குரல் இல்லை. எட்டிப் பார்த்தேன். அத்தை, மாமா இரண்டு பேரையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்து, முதுகுக்குப் பின்னால் கை கட்டி முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

"தலை செந்தூருக்கு. மீசை சாஸ்தாவுக்கு. ரெண்டும் முடிதான். அவ்வளவுதான் பேச்சு."

சொல்லும்போது மாடியை ஒருமுறை பார்த்தார். எனக்கு அங்கேயே இறங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

மாமா யோசித்துப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "மீசையா? சரிதான். தலைமுடி எவனுக்கும் இருக்கு. ஆம்பளைக்கு மீசைதான மரியாதை. நம்ம சாஸ்தாவுக்கு அதுதான் பொருத்தம்."

அதோடு வாயை மூடியிருந்தால் விவகாரம் முடிந்திருக்கும். அத்தைக்கு உடனே முகம் மாறிவிட்டது. "அப்ப முருகனுக்கு என்ன மரியாதை இல்லாததா? மீசை செந்தூருக்கு வரட்டும். தலையை நீங்க கொண்டு போங்க."

"அதெப்படி? சொன்னது சொன்னதுதான்."

"பெத்தவ நானு!"

காலை வெயில் ஏறும்வரை மீசை பெரிதா தலை பெரிதா என்று நடந்தது. கடைசியில் மேஜர் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கிட்டங்கியில் சிப்பம் இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இதுக்கு மேல யாராவது ஒரு வார்த்தை பேசினா, புருவத்தையும் எடுத்துருவேன்!"

இருவரும் புருவமில்லாத மகனை மனதில் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பேச்சும் இல்லை. சண்டைக்களத்தில் அவர் எப்படி உத்தரவு போட்டார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் போட்ட முதல் உத்தரவு இதுதான்.

செந்தூரில் கடற்கரையோரம் மொட்டை போடுகிற நாவிதர், தலையை முடித்த கையோடு வழக்கப்படி கத்தியை மீசைக்குக் கொண்டுவந்தாராம். அத்தான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். எல்லா மொட்டைக்கும் மீசை சேர்த்திதான், அதற்குத் தனிக்கூலி இல்லை என்று நாவிதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "அது வேற சாமிக்குள்ளது" என்று மாமா குறுக்கே வந்து நின்றார். அங்கிருந்து வில்வண்டியில் தேரிக்குப் போகும்வரை, மொட்டைத் தலையில் சந்தனமும் கீழே முறுக்கிய மீசையுமாக அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்த ஒரு கிழவர், எந்த ஊர் சாமியார் என்று கேட்டுக் கும்பிட்டாராம். தேரியில் மீசை போனது. எடுக்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்று அத்தை என்னிடம் சொன்னாள். குண்டை எடுக்கும்போதுகூட மூடியிருக்க மாட்டார்.

கல்யாணத்தன்றுதான் மீசை இல்லாத அவரைப் பக்கத்தில் இருந்து முதல்முறையாகப் பார்த்தேன். தோல் உரித்த நுங்கு மாதிரி இருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினேன். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று சொல்லி என் அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள். "சிரிக்காதளா" என்று அவர் வாயைத் திறக்காமல் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. சொல்லிவிட்டு அவரும் குலுங்கினார்.

போட்டோ எடுக்க வந்தவர், "கவலைப்படாதீய அண்ணாச்சி, கழுவும்போது நல்லா ஒரு மீசை வரைஞ்சு தாரேன்" என்றார். அத்தான் உடனே சரி என்று தலையாட்டினார். நான், "வேண்டாம்" என்றேன். மணப்பெண் வாயைத் திறந்ததே தப்பு. அதிலும் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அந்த மீசை எனக்காகப் போனது. அதை ஒருத்தன் தூரிகையால் ஒட்டவைக்க நான் விடுவேனா?

மெட்ராஸ் பரேடில் லாட் துரை மெடலைக் குத்திவிட்டு, "உங்களுக்குப் பெரிய மீசை இருப்பதாகச் சொன்னார்களே?" என்று கேட்டாராம். "வீட்டில் நடந்த சண்டையில் போய்விட்டது" என்றாராம் இவர். "எதிரி யார்?" "என் அப்பாவும் அம்மாவும்." லாட் துரை சிரிக்கவில்லையாம். தோளைத் தட்டிக்கொடுத்து, "அங்கே மெடல் கிடையாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாராம். இதை அவரே சொன்னார். இதில் எவ்வளவு நிஜம் என்று நான் விசாரிக்கவில்லை.

மீசை மறுபடி வளர்ந்தது, முன்னைவிட மிடுக்காக. அது வளர்ந்ததும் அவர் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். இனி அவர் பெயரில் யாரும் எதையும் நேர்ந்துகொள்ளக்கூடாது. "நேரணும்னா அவங்கவங்க சொந்த முடியை நேந்துக்கிடுங்க. இதுல எவனாவது கை வச்சா, சாமின்னும் பாக்க மாட்டேன்." விருந்தாளிகள் வந்தால் பழைய கதையைச் சொல்லிச் சிரிப்பார். படித்தவன் நம்புகிற விஷயமா இது என்பார். அத்தை காதைப் பொத்திக்கொள்வாள்.

நாடு விடுதலையான மறு வருஷம் அவர் வடக்கே பனிமலைப் பக்கம் சண்டையில் இருந்தார். நான் தலைப்பிரசவத்துக்குத் தூத்துக்குடியில். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆஸ்பத்திரியில் என் நினைவு போய்ப் போய் வந்தது. டாக்டரம்மா கையை விரித்த அன்று, அப்பா அவருக்கு நிலைமை மோசம் என்று தந்தி அடித்துவிட்டார். பிறகு எப்படியோ நானும் பிழைத்தேன், பிள்ளையும் பிழைத்தது. நல்ல செய்தியைச் சொல்லும் தந்தி பனியில் எங்கேயோ மாட்டிக்கொண்டு, வெகு நாள் கழித்துத்தான் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததாம்.

அவருக்கு லீவு கிடைத்தபோது பிள்ளை குப்புற விழத் தொடங்கியிருந்தது. இந்த முறை நானே ரயிலடிக்குப் போனேன். அத்தையும் மாமாவும் என் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். ரயிலில் இருந்து அவர் இறங்கினார். மீசை இருந்த இடம் வெறுமையாக, அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது.

அத்தை உடனே மாமாவைப் பார்த்தாள். "இங்கேருங்க, மறுபடியும் நேந்துகிட்டியளா?"

"சாஸ்தா மேல ஆணை, நான் இல்லளா. நீதான?"

"செந்தூரான் மேல சத்தியமா இல்ல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் தொப்பியை எடுத்தார். தலையும் ஒட்ட வழித்த மொட்டை.

வீட்டுக்குப் போகும் வண்டியில் நாங்கள் மட்டும் இருந்தோம். பிள்ளை அவர் மடியில், மெடல் நாடாவை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. "யாரு நேந்தா?" என்று கேட்டேன். முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

"முதல் தந்தி வந்துச்சு. அடுத்தது வரவேயில்ல" என்றார். "பட்டாளத்து நாவிதனைக் கூப்பிட்டேன். உங்க ரெண்டு பேரையும் பாக்குற வரைக்கும் வளர விடாம வழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். எல்லாம் பழைய ஒப்பந்தப்படிதான். தலை செந்தூருக்கு, மீசை சாஸ்தாவுக்கு. எந்தப் பக்கமா திரும்பி உட்காரணும்னு காம்பஸை எடுத்துப் பாத்தேன்."

"ரெண்டு சாமிக்கும் ரெண்டு தடவை திரும்பி உட்காந்தியளா?"

"திரும்பவே வேண்டாமே" என்றார். பிள்ளையின் வாயில் இருந்த நாடாவை மெதுவாக இழுத்துப் பார்த்தார், அது விடவில்லை. "அம்புட்டு தூரத்துல இருந்து பாத்தா, செந்தூரும் தேரியும் நீ கெடந்த ஆஸ்பத்திரியும் ஒரே பக்கந்தாம்ளா."